வெள்ளிக் கோப்பையில் எலும்புக்கூடுகள்: ரோமானியரின் மதுக் கிண்ணங்களைப் பார்க்கக் கற்றுக்கொள்வோம்

பாரிஸில் உள்ள லூவர் அருங்காட்சியகத்தில் ஒரு ஜோடி வெள்ளிக் கோப்பைகள் இருக்கின்றன. உயரம் சுமார் 10 சென்டிமீட்டர்தான். விளிம்பை ஒட்டி ரோஜா மாலை ஒன்று சுற்றிச் செல்கிறது. அதன் கீழே கோப்பை முழுக்க எலும்புக்கூடுகள். ஒன்று யாழ் மீட்டுகிறது, ஒன்று கோலை ஊன்றி நிற்கிறது, இன்னொன்று மண்டையோடு ஒன்றைக் கையில் பிடித்து உற்றுப் பார்க்கிறது. கிட்டத்தட்ட இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, விருந்துக்கு வந்த யாரோ ஒருவர் இதில் மது ஊற்றிக் குடித்திருக்கிறார்.

குடித்துக் கொண்டாடும் நேரத்தில் ஏன் எலும்புக்கூடு? இதற்குப் பதில் சொல்ல முயன்றாலே பழைய வெள்ளிக் கிண்ணங்களின் அலங்காரத்தைப் பற்றிப் பாதி தெரிந்துகொண்ட மாதிரிதான்.

இந்தத் துறைக்குள் புதிதாக நுழைபவர்களுக்கு முதலில் கையில் கிடைப்பது ஒரு பட்டியல். திராட்சைக் கொடி என்றால் மதுக் கடவுள், கழுகு என்றால் ஜூபிடர், சேவல் என்றால் மெர்க்குரி. பட்டியல் தேவைதான், நானும் கீழே கொஞ்சம் தருகிறேன். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு கோப்பையைப் பார்த்தால் பாதிதான் புரியும். குடிக்கும் பாத்திரத்தில் உள்ள சித்திரத்தை ஒருவர் கையில் பிடித்திருக்கிறார். உள்ளே மது இருக்கிறது. எதிரே இன்னொருவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். யார் கையில் இருந்தது, எந்த நேரத்தில், பக்கத்தில் யார் என்று கேட்டால் அந்த அலங்காரம் பேச ஆரம்பித்துவிடும் என்பதே என் எண்ணம்.

விருந்தில் கோப்பை

ரோமானியர்கள் விருந்தில் உட்காரவில்லை, சாய்ந்து படுத்தார்கள். உணவறையில் மூன்று கட்டில்கள், கட்டிலுக்கு மூன்று பேர் என்பது வழக்கமான ஏற்பாடு. இடது முழங்கையை ஊன்றிக்கொண்டு வலது கையால் சாப்பிடுவார்கள், குடிப்பார்கள். மதுவைத் தண்ணீர் கலந்தே அருந்தினார்கள். இரவு விருந்து என்றால் வெளிச்சம் எண்ணெய் விளக்கிலிருந்துதான். அசையும் அந்தச் சுடர் பக்கவாட்டில் விழும்போது, புடைப்பாகச் செய்த வெள்ளி உருவங்கள் இன்றைய கண்ணாடிப் பேழையில் தெரிவதைவிட எத்தனையோ மடங்கு உயிரோடு தெரிந்திருக்கும்.

பெரும்பாலான கோப்பைகளுக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி உண்டு. அந்தக் கைப்பிடிகள் கோப்பையின் உடலை இரண்டு முகங்களாகப் பிரித்துவிடுகின்றன. ஒரு காட்சி இந்தப் பக்கம், இன்னொரு காட்சி அந்தப் பக்கம். குடிப்பவர் கோப்பையை உயர்த்தும்போது அவரை நோக்கி இருப்பது ஒன்று, எதிரே படுத்திருப்பவர் பார்ப்பது வேறொன்று. அதோடு, இந்தக் கோப்பைகளைப் பெரும்பாலும் ஜோடியாகவே செய்தார்கள். உன் கோப்பையில் என்ன, என் கோப்பையில் என்ன என்று ஒப்பிட்டுப் பேச்சு தொடங்க அது போதும். இருவருக்கும் கிரேக்கக் கதைகள் தெரிந்திருந்தால் பேச்சு வெகுதூரம் போகும். தெரியாதவர் என்றால் அன்றைக்கு அவர் முகம் சற்று வாடியிருக்கலாம். படித்தவர் யார், வெறும் பணக்காரர் யார் என்பதை இந்தப் பாத்திரங்கள் சத்தமில்லாமல் காட்டிக்கொடுத்தன.

எப்படிச் செய்தார்கள்

அடிப்படை வேலை நம் ஊர் ஆசாரிகளுக்கும் தெரிந்த நகாசு வேலைதான். வெள்ளித் தகட்டைத் தட்டிக் குழிவான பாத்திரமாக்குவது, பிறகு உட்புறமிருந்து தட்டி உருவங்களை வெளியே புடைக்கச் செய்வது, அப்புறம் வெளிப்புறத்தில் சிறு உளிகளால் முகம், முடி, ஆடை மடிப்பு என்று நுணுக்கங்களைத் தீர்ப்பது. தகடு கிழியாமல் இருக்கப் பின்னால் தார் போன்ற ஒரு பசையை நிரப்பித் தாங்கு கொடுப்பார்கள். கைப்பிடிகளையும் பாதத்தையும் தனியாகச் செய்து பற்றவைப்பார்கள். சில இடங்களுக்கு மட்டும் தங்க முலாம். வெள்ளை உடம்பில் ஒரு மாலையோ ஆடையோ மட்டும் பொன்னாக மின்னும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. உருவம் வெளியே புடைத்தால், உள்ளே அதே இடத்தில் பள்ளம் விழும். ஆழமான புடைப்பு வேலை உள்ள கோப்பையின் உட்புறம் குண்டும் குழியுமாகத்தான் இருக்கும். மது அங்கே தேங்கும், கழுவுவது கஷ்டம், உதட்டுக்கும் சுகமில்லை. இதற்கு ரோமானிய வெள்ளிக் கைவினைஞர்கள் செய்தது மிக அழகான தீர்வு. சிற்பம் உள்ள வெளிக்கூட்டுக்குள், வழவழப்பான இன்னொரு வெள்ளிக் கிண்ணத்தைச் செருகி விளிம்பில் இணைத்துவிட்டார்கள். உள்ளே குடிப்பதற்கு ஒரு கிண்ணம், வெளியே பார்ப்பதற்கு ஒரு கிண்ணம். அருங்காட்சியகத்தில் இப்படிப்பட்ட கோப்பையைப் பார்த்தால் விளிம்பருகே குனிந்து பாருங்கள், சில சமயம் அந்த இணைப்பு கண்ணுக்குத் தெரியும். அது தெரிந்தால், இது உண்மையில் குடிப்பதற்கும் நினைத்துச் செய்யப்பட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

மதுக் கடவுளின் உலகம்

சரி, இப்போது அந்தப் பட்டியலுக்கு வருவோம். பழைய மதுக் கோப்பைகளில் அதிகம் காணப்படுவது கிரேக்கர்கள் டயோனைசஸ் என்றும் ரோமானியர்கள் பாக்கஸ் என்றும் அழைத்த மதுக் கடவுளின் கூட்டம். திராட்சைக் கொடியும் ஐவிக் கொடியும் அவருடையவை. ஐவி பனிக்காலத்திலும் பச்சையாக இருக்கும் கொடி. அதைத் தலையில் சூடிக்கொண்டால் மதுவின் சூடு தணியும் என்று நம்பியவர்களும் அந்தக் காலத்தில் இருந்தார்கள். கோப்பையைச் சுற்றி ஐவி ஓடினால், குடிப்பவருக்கு மாலை போட்ட மாதிரி.

சிறுத்தை அவருடைய வாகனம். இந்தியாவை வென்று ஊர்வலமாகத் திரும்பினார் என்ற கதையும் அவருக்கு உண்டு. வால் முளைத்த சட்டிர்கள், குடித்துத் தள்ளாடும் கிழவர் சைலேனஸ், ஆவேசம் வந்து ஆடும் பெண்கள் எல்லாரும் அவருடைய கூட்டம். நாடக முகமூடிகள் கோப்பைகளில் அடிக்கடி வருவதற்கும் அவரே காரணம், ஏதென்ஸில் நாடகம் அவர் திருவிழாவில்தான் அரங்கேறியது. உயர்ந்த இரண்டு கைப்பிடிகளும் நீண்ட பாதமும் கொண்ட ஒரு வகைக் கோப்பை உண்டு. கிரேக்கச் சித்திரங்களில் டயோனைசஸ் கையில் இருப்பது பெரும்பாலும் அதுதான். அந்த வடிவமே அவரைக் குறிக்கும்.

இந்தக் கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர்கள் சென்டார்கள்: இடுப்புக்கு மேல் மனிதன், கீழே குதிரை. கிரேக்கக் கதையில் இவர்களை ஒரு திருமண விருந்துக்கு அழைத்தார்கள். மது உள்ளே போனதும் மணப்பெண்ணையே தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்தார்கள், பெரிய சண்டையாகிவிட்டது. குடி தாங்காதவர்களுக்கு அவர்களே எடுத்துக்காட்டு. பிரான்சின் நார்மண்டியில் பெர்தூவில் என்ற ஊரில் 1830-இல் உழுதுகொண்டிருந்த ஒரு விவசாயியின் கலப்பையில் சிக்கிய வெள்ளிப் புதையலில் சென்டார் கோப்பைகள் ஒரு ஜோடி உண்டு. அதில் சென்டார்களைச் சுற்றிக் காதல் கடவுளின் குழந்தை உருவங்கள் விளையாடுகின்றன. முரட்டு மிருகத்தை மதுவும் காதலும் சேர்ந்து ஆட்டிவைக்கின்றன என்பது காட்சி. அதைப் பார்த்துக்கொண்டே இரண்டாவது கோப்பையை நிரப்பச் சொல்பவருக்கு அது எச்சரிக்கையா, கேலியா, அழைப்பா? மூன்றும்தான் என்று எனக்குப் படுகிறது.

அதே கோப்பைகளின் பிற்கால வாழ்க்கையும் சுவையானது. யாருடைய விருந்து மேசையிலோ இருந்தவை, பிறகு குவிண்டஸ் டொமிட்டியஸ் டூட்டஸ் என்பவரால் மெர்க்குரி கடவுளின் கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுக்கப்பட்டன. அவர் பெயர் பாத்திரங்களில் பொறிக்கப்பட்டிருக்கிறது. கோயிலுக்குப் போன பிறகு சென்டார் கேலி அங்கே யாருக்கும் முக்கியமாக இருந்திருக்காது. வெள்ளியின் எடையும் கொடுத்தவரின் பெயரும்தான் அங்கே பேசியிருக்கும்.

எலும்புக்கூடுகளிடம் திரும்புவோம்

லூவர் கோப்பைகள் கிடைத்தது இத்தாலியில், பாம்பெய் நகருக்கு அருகே போஸ்கோரேயாலே என்ற இடத்தில், 1895-இல். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது புதைந்த ஒரு பண்ணை வீடு அது. திராட்சை பிழிந்து மது தயாரித்த வீடு. அந்த மது ஆலை அறையிலிருந்த காலித் தொட்டிக்குள்தான் வெள்ளிப் பாத்திரங்களையும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பொற்காசுகளையும் யாரோ அவசரமாக ஒளித்துவைத்திருந்தார்கள். திரும்பி வந்து எடுக்க அவர்களுக்கு வாய்க்கவில்லை. புதையலில் பெரும் பகுதியைப் பிரெஞ்சுச் செல்வந்தர் எட்மண்ட் ரோத்ஸ்சைல்டு வாங்கி லூவருக்குக் கொடுத்தார். இப்போது அங்கே 109 வெள்ளிப் பொருட்கள் உள்ளன.

எலும்புக்கூடுகள் வெறும் எலும்புக்கூடுகள் இல்லை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் புள்ளி புள்ளியாகக் குத்திக் கிரேக்க எழுத்தில் பெயர் எழுதியிருக்கிறது: நாடக ஆசிரியர்கள் சோஃபக்ளீஸ், யூரிப்பிடீஸ், மெனாண்டர்; கவிஞர் ஆர்க்கிலோக்கஸ்; தத்துவவாதிகள் சீனோ, எபிகியூரஸ். கிரேக்க அறிவுலகத்தின் பெரிய மனிதர்கள். உடம்பில் சதை இல்லை, ஆனால் தொழிலை விடவில்லை.

இதில் ஒரு காட்சியில் மட்டும் கொஞ்சம் நின்று பார்ப்போம். எபிகியூரஸும் சீனோவும் எதிரெதிரே நிற்கிறார்கள். இருவரும் கி.மு. 300 வாக்கில் ஏதென்ஸில் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்கள், எதிரெதிர்ப் பள்ளிகளை நடத்தியவர்கள். சீனோ ஸ்டோயிக் மரபைத் தொடங்கியவர்: ஒழுக்கமே நன்மை, இன்பமும் துன்பமும் பொருட்டல்ல என்றவர். எபிகியூரஸ் வாழ்க்கையின் நோக்கம் இன்பம் என்றவர். கோப்பையில் சீனோ கோலும் பையுமாக நின்று குற்றம் சாட்டுவதுபோல் கையை நீட்டுகிறார். எபிகியூரஸ் அவரைச் சட்டைசெய்யவே இல்லை. இருவருக்கும் நடுவே முக்காலி மேல் ஒரு பலகாரம். அதை எடுக்க எபிகியூரஸின் கை நீள்கிறது. அவர் காலடியில் ஒரு குட்டிப் பன்றி, தனக்கும் வேண்டும் என்று மூக்கையும் முன்காலையும் தூக்குகிறது. பக்கத்தில் எழுத்து: ‘இன்பமே முடிவான நோக்கம்’.

பன்றி சும்மா வரவில்லை. எபிகியூரஸைப் பின்பற்றியவர்களை எதிரிகள் பன்றிகள் என்று திட்டினார்கள். ரோமானியக் கவிஞர் ஹொரேஸ் அந்த வசவையே எடுத்துக்கொண்டு, தன்னை எபிகியூரஸின் மந்தையில் ஒரு பன்றி என்று சிரித்தபடி சொல்லிக்கொண்டார். உண்மையான எபிகியூரஸ் எளிமையாக வாழ்ந்தவர். விருந்து சாப்பிட ஆசை வந்தால் ஒரு சிறு பாண்டம் பாலாடைக்கட்டி அனுப்பும்படி நண்பருக்கு எழுதியதாக ஒரு செய்தி உண்டு. வலி இல்லாத உடல், கலக்கம் இல்லாத மனம், இதைத்தான் அவர் இன்பம் என்றார். ஆகவே பலகாரத்துக்குக் கை நீட்டும் இந்த எபிகியூரஸ் ஒரு கேலிச் சித்திரம். வெசூவியஸின் மறுபக்கம் ஹெர்க்குலேனியத்தில், எபிகியூரஸ் மரபைச் சேர்ந்த ஃபிலோடீமஸின் நூல்கள் நிறைந்த ஒரு நூலகமே அதே எரிமலையில் கருகிய நிலையில் கிடைத்திருக்கிறது. அந்தக் கடற்கரையில் வசதியாக வாழ்ந்த பலருக்கு இந்தத் தத்துவம் நன்றாகத் தெரியும். கோப்பையின் நகைச்சுவை அவர்களுக்காகவே செய்யப்பட்டது.

விவாதத்தில் யார் ஜெயித்தது? இருவரும் எலும்புக்கூடு. கோப்பை சொல்லும் பதில் அதுதான், மிகச் சாமர்த்தியமான பதில்.

மற்ற எழுத்துகளும் இதே சுருதியில் இருக்கின்றன. ‘உயிரோடு இருக்கும்போதே அனுபவி, நாளை நிச்சயமில்லை’ என்று ஒன்று. ‘வாழ்க்கை ஒரு நாடக மேடை’ என்று இன்னொன்று. மண்டையோட்டைப் பார்க்கும் உருவத்தின் அருகே ‘இதுதான் மனிதன்’. ஒரு எலும்புக்கூட்டின் கையில் பணப்பையும் பட்டாம்பூச்சியும் இருக்கின்றன. பணப்பைக்கு ‘அறிவு’ என்றும், பட்டாம்பூச்சிக்கு ‘உயிர்’ என்றும் பெயர் எழுதியிருக்கிறார்கள். கிரேக்கச் சிற்பத்தில் உயிரைப் பட்டாம்பூச்சியாகக் காட்டுவது வழக்கம்தான். ஆனால் பணப்பையை அறிவு என்று அழைத்தது, நல்ல வெள்ளியில் குடிப்பவர்களைப் பார்த்து அடித்த குறும்பு.

விருந்தில் மரணத்தை நினைவூட்டும் வழக்கம் ரோமில் வேறு வடிவங்களிலும் இருந்தது. கை கால் மூட்டுகள் அசையும் சின்ன எலும்புக்கூடு பொம்மைகளை விருந்து மேசையில் ஆட்டிக்காட்டுவார்கள். அப்படிப்பட்ட பொம்மைகள் சில அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. பயமுறுத்துவது நோக்கமில்லை, விருந்தின் ருசியைக் கூட்டுவதே நோக்கம். விளிம்பில் ஓடும் ரோஜா மாலையை இப்போது மறுபடி பாருங்கள். ரோஜா விருந்தில் சூடும் பூ. உடனே வாடும் பூவும்கூட. கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகும் ஒவ்வொரு முறையும் உதடு அந்த ரோஜாக்களில்தான் படும், கண் அவற்றுக்குக் கீழே உள்ள எலும்புகளில்.

பேரரசர் வரும் கோப்பை

அதே போஸ்கோரேயாலே புதையலில் இன்னொரு ஜோடி உண்டு. அதன் மனநிலையே வேறு. ஒன்றில் பேரரசர் அகஸ்டஸ் நாற்காலியில் வீற்றிருக்கிறார், கையில் உலக உருண்டை. வீனஸ் தேவி முன்வந்து அதன்மேல் வெற்றித் தேவதையின் சிறு உருவத்தை வைக்கிறார். மறுபக்கம், தோற்ற அயல் இனத்தார் மண்டியிட்டுத் தங்கள் குழந்தைகளை அகஸ்டஸிடம் நீட்டுகிறார்கள். ஜோடிக் கோப்பையில், அகஸ்டஸுக்குப் பின் பேரரசரான திபெரியஸின் வெற்றி ஊர்வலம்: தேரில் அவர், பின்னால் நின்று கிரீடம் பிடிக்கும் அடிமை, காளைப் பலி.

அரசியல் விளம்பரப் பலகையில் இருக்கவேண்டிய காட்சி, மதுக் கோப்பைக்கு எப்படி வந்தது? இங்கேதான் ‘எந்த நேரத்தில்’ என்ற கேள்வி கைகொடுக்கிறது. கி.மு. 30-இல் ரோமின் ஆட்சி மன்றமான செனட் ஒரு தீர்மானம் போட்டது. இனி பொது விருந்திலும் வீட்டு விருந்திலும் அகஸ்டஸுக்காக மது வார்த்து வணங்க வேண்டும் என்பது அது. அப்போது அவர் பெயர் ஆக்டேவியன். அதாவது, மது ஊற்றும்போதெல்லாம் அவர் பெயர் வாயில் வந்தே ஆகவேண்டிய காலம். அவர் உருவம் கோப்பையில் இருப்பது அந்தச் சடங்கோடு அப்படியே பொருந்துகிறது. இந்தக் கோப்பைகள் கண்டெடுக்கப்பட்ட பிறகு மோசமாகச் சேதமடைந்துவிட்டன. 1899-இல் வெளியான புகைப்படங்களில் உள்ள பல உருவங்கள் இப்போது இல்லை. அந்தப் பழைய படங்கள் இருப்பது பெரிய அதிர்ஷ்டம்.

எல்லை தாண்டிப் போன ஜோடி

கோப்பையின் சித்திரம் பரிசாகவும் வேலை செய்யும். டென்மார்க்கின் லோலான் தீவில் ஹோபி என்ற இடத்தில் 1920-இல் ஒரு தலைவனின் கல்லறை கிடைத்தது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. ரோமப் பேரரசின் எல்லைக்கு வெகு வடக்கே உள்ள இடம். உள்ளே வெண்கல மதுப் பாத்திரங்கள், உள்ளூர் வழக்கப்படி குடிக்கும் கொம்புகள், அவற்றோடு முதல்தர ரோமானிய வெள்ளிக் கோப்பைகள் இரண்டு. செய்த கைவினைஞர் கெய்ரிசோஃபஸ் தன் பெயரைப் பொறித்திருக்கிறார். அடியில் சீலியஸ் என்ற பெயர் இருக்கிறது. கி.பி. 14 முதல் 21 வரை ரைன் நதிக்கரையில் மேல் ஜெர்மானியப் படையின் தளபதியாக இருந்த காயஸ் சீலியஸ்தான் இவர் என்று கருதுகிறார்கள்.

ஒரு கோப்பையில், கிரேக்கக் கவி ஹோமர் பாடிய டிராய் போரின் கடைசிக் காட்சிகளில் ஒன்று. டிராய் நகரின் கிழ அரசன் பிரையம், தன் மகனைக் கொன்ற கிரேக்க வீரன் அக்கிலீஸின் முன் மண்டியிட்டு, அந்தக் கையையே முத்தமிடுகிறான். மகனின் உடலைக் கேட்டு வந்திருக்கிறான். மற்றதில் பாம்பு கடித்த கிரேக்க வில்லாளி ஃபிலோக்டீட்டீஸின் கதை. போரை முடிக்க அவனுடைய வில் தேவைப்படுகிறது, அதைப் பெறக் கிரேக்கத் தலைவன் ஒடிசியஸ் தந்திரம் செய்கிறான்.

ஒரு ரோமானியரின் கண்ணுக்கு முதல் காட்சி, வென்றவர் இரக்கம் காட்டும் காட்சி. மண்டியிடும் பிரையமின் உடை கிழக்கத்திய உடை. அகஸ்டஸ் கோப்பையில் மண்டியிடும் அயல் இனத்தாரின் நினைவு வராமல் இருக்காது. அதே கோப்பை லோலான் தலைவனின் கைக்குப் போனபோது என்ன ஆகியிருக்கும்? ஹோமரின் கதை தெரியாத ஒரு சபையில், ஒரு முதியவர் இளைஞனின் கையைப் பிடித்து முத்தமிடுகிறார். விசுவாசப் பிரமாணம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டிருக்கலாம், விருந்தோம்பல் என்றும் எடுத்துக்கொண்டிருக்கலாம். எப்படியானாலும் அவற்றைத் தலைவனோடு புதைக்கும் அளவுக்கு மதித்தார்கள். சின்னத்தின் பொருள் பாத்திரத்திலேயே ஒட்டிக்கொண்டு பயணம் செய்வதில்லை, குடிப்பவர் மாறினால் பொருளும் மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

ரோமானிய மதுவும் பாத்திரங்களும் வடக்கே மட்டும் போகவில்லை. அதே முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஒரு கிரேக்கக் கடல்வழிக் கையேடு, மேற்கு இந்தியாவின் பரிகாசா துறைமுகத்துக்கு வந்த சரக்குகளில், அரசருக்கென்று விலையுயர்ந்த வெள்ளிப் பாத்திரங்களையும் நல்ல மதுவையும் குறிப்பிடுகிறது. இன்றைய பரூச் அது. நம் புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் நக்கீரர், யவனர் தந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பொன்னால் செய்த கலத்தில் வளையணிந்த மகளிர் ஏந்தித் தர, நாளும் அருந்தி மகிழ்க என்று பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். யவன மது, அலங்காரக் கலம், அரசனின் சபை என்று எல்லாமே அதில் இருக்கின்றன. அந்தக் கலத்தில் என்ன வேலைப்பாடு இருந்தது என்று பாட்டு சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

எல்லா இலையும் சின்னமா?

இல்லை. சின்னம் தேடப் பழகிய கண்ணுக்கு எல்லாமே சின்னமாகத் தெரியும், அங்கேதான் கவனம் வேண்டும். 1930-இல் பாம்பெயில் ‘மெனாண்டர் வீடு’ என்று அழைக்கப்படும் வீட்டின் அடியில், ஒரு பெட்டிக்குள் 118 வெள்ளிப் பொருட்கள் கிடைத்தன. இப்போது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றில், கிரேக்கக் கதைகளின் பலசாலி வீரன் ஹெர்க்குலிஸின் சாகசங்களைக் காட்டும் கோப்பைகள் உண்டு. மதுக் கடவுளோடு குடிப்போட்டி போட்டுத் தோற்றவன் ஹெர்க்குலிஸ், எனவே மதுக் கோப்பையில் அவன் வருவது பொருத்தம். அதே பெட்டியில் ஆலிவ் கிளைகள் மட்டுமே உள்ள கோப்பைகளும் இருக்கின்றன. ஆலிவுக்கும் மதுவுக்கும் தொடர்பில்லை. ஏதீனா தேவியின் மரம், சமாதானத்தின் அடையாளம் என்றெல்லாம் விளக்கம் சொல்லலாம். ஆனால் அந்த இலைகளின் நரம்பு, காய்களின் உருட்டு, கிளை வளையும் விதம் இவற்றைப் பார்த்தால், தன் கைத்திறனைக் காட்டுவதில் ஒரு கைவினைஞர் கண்ட சந்தோஷம்தான் எனக்கு முதலில் தெரிகிறது. அதை அப்படியே ரசிப்பதில் தவறில்லை.

எங்கே சின்னம் என்று துணிந்து சொல்லலாம்? பெயர் எழுதியிருந்தால் சந்தேகமே இல்லை. ஜோடிக் கோப்பையில் அதற்குப் பதில் சொல்லும் இன்னொரு காட்சி இருந்தால் ஓரளவு உறுதி. தெரிந்த கதையின் குறிப்பிட்ட கட்டம் என்றால், ஏன் அந்தக் கட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்கலாம். சும்மா சுற்றி ஓடும் கொடி என்றால் மெதுவாகப் போகலாம்.

கோப்பையின் அடியையும் மறக்கவேண்டாம். ரோமானிய வெள்ளியில் எடையை அடியில் எழுதிவைப்பது வழக்கம். சொந்தக்காரர் பெயரும் இருக்கும். போஸ்கோரேயாலே பாத்திரங்கள் பலவற்றில் மாக்சிமா என்ற பெண்ணின் பெயர் இருக்கிறது. மேலே எபிகியூரஸ் தத்துவம் பேசிக்கொண்டிருக்க, அடியில் எத்தனை பவுண்டு, எத்தனை அவுன்ஸ் என்று கணக்கு. பணம் தேவைப்பட்டால் உருக்கி விற்றுவிடலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். அப்படி உருக்கிப் போனதால்தான் இவ்வளவு குறைவாக நமக்கு மிஞ்சியிருக்கிறது. தப்பியவற்றில் பல, எரிமலையோ கல்லறையோ மண்ணோ மூடிக் காத்தவை.

வேலைப்பாட்டுக்காக எடையைப் பல மடங்கு தாண்டி விலை கொடுத்தவர்களும் உண்டு. மென்டோர் என்ற புகழ்பெற்ற கிரேக்கக் கைவினைஞரின் கோப்பைகள் இரண்டை, ரோமானியப் பேச்சாளர் லூசியஸ் கிராஸஸ் ஒரு லட்சம் செஸ்டெர்ஷியஸ் (ரோமானிய நாணயம்) கொடுத்து வைத்திருந்ததாக ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். கிராஸஸ் இறந்து ஒரு நூற்றாண்டு கழித்து, அகஸ்டஸ் காலத்தில்கூட ஒரு சாதாரணப் படைவீரரின் ஆண்டுச் சம்பளம் 900 செஸ்டெர்ஷியஸ்தான். வாங்கிய பிறகு வெட்கத்தால் ஒருநாளும் அவற்றில் குடிக்கத் துணிந்ததில்லை என்று கிராஸஸே ஒப்புக்கொண்டாராம்.

யார் கையில், எந்த நேரத்தில் என்ற கேள்வி ரோமோடு நிற்பதில்லை. சீனாவின் சியான் நகரில் 1970-இல் கிடைத்த, தாங் அரச வம்சக் காலப் புதையலில் ஒரு வெள்ளி மதுக் குடுவை இருக்கிறது. அதில் முலாம் பூசிய குதிரை ஒன்று வாயில் கோப்பையைக் கவ்விக்கொண்டு பின்னங்கால்களை மடித்து நிற்கிறது. பேரரசர் சுவான்சோங்கின் பிறந்தநாளில் நடனமாடிக் கோப்பை ஏந்தப் பழக்கிய குதிரைகள் இருந்தன என்று தெரிந்தால்தான் அந்தச் சித்திரம் புரியும். 17-ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்கள் செய்த காற்றாலைக் கோப்பைகளில் அலங்காரமே விளையாட்டு. கோப்பையின் அடியில் ஒரு வெள்ளிக் காற்றாலை. பக்கத்துக் குழாயில் ஊதினால் இறக்கைகள் சுழலும், அவை நிற்பதற்குள் குடித்து முடிக்கவேண்டும். காற்றாலை அடியில் இருப்பதால், காலியாக்கிக் கவிழ்க்காமல் கீழே வைக்கவும் முடியாது.

நேரில் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால்: எலும்புக்கூடுகள் லூவரில், ஹோபி ஜோடி கோபன்ஹேகனின் தேசிய அருங்காட்சியகத்தில், பெர்தூவில் சென்டார்கள் பாரிஸில் பிரான்சின் தேசிய நூலகத்தில், மெனாண்டர் வீட்டு வெள்ளி நேப்பிள்ஸில். பேழையைச் சுற்றி ஒரு முழு வட்டம் நடந்து பாருங்கள், கைப்பிடிக்கு அந்தப் பக்கம் எப்போதும் வேறொரு காட்சி இருக்கும். பிறகு கொஞ்சம் குனிந்து, கட்டிலில் சாய்ந்திருந்தவரின் கண் மட்டத்திலிருந்து பாருங்கள். முகங்கள் தேய்ந்திருந்தால் அது நூற்றாண்டுக்கணக்கில் துடைத்ததால் வந்ததாக இருக்கலாம். கைப்பிடிக்கு அடியிலும் மடிப்புகளிலும் உளியின் கூர்மை பெரும்பாலும் அப்படியே இருக்கும், அங்கே தேடுங்கள்.